குடிலுக்குள் சூசைபட்டி

அணை கட்டி, சூசைபட்டி தண்ணீருக்குள் போய் ஐந்து வருஷம் ஆகியிருந்தது. மழைக்கு ஏங்கிக் கிடந்த கரிசல் ஊர் தண்ணீரில் முழுகியது என்றால் வெளியூர்க்காரர்கள் நம்பாமல் சிரித்தார்கள். அதனால் 1981 கிறிஸ்துமஸுக்குக் ஊரார் குடியேறிய காலனிக் கோயிலில் பெத்லகேமுக்குப் பதிலாகச் சூசைபட்டியையே குடிலாகச் செய்துவிட்டான் கொத்தனார் எட்வர்ட். வீடு, தெரு, ஊருணி, கல்லறைத் தோட்டம் என்று எல்லாம் கரிசல் மண்ணில் குழைத்து வைத்தான்.

"ஏலே, எங்க மாட்டுத் தொழுவம் எங்கலே?" என்று தேடினார் ஒருவர்.

"அதுலதான் சித்தப்பா மாதாவும் சூசையப்பரும் இருக்காவ. காலி பண்ணச் சொல்லட்டா?"

கோயிலே சிரித்தது. மதலேனம்மாள் சிரிக்கவில்லை.

பசுவந்தனைப் பக்கமிருந்து சூசைபட்டிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள் அவள். பருத்தி எடுத்தாள், களை வெட்டினாள், ஒரே ஒரு பிள்ளை பெற்றாள். ஞானஸ்நானம் கொடுப்பதற்குள் அது கண்ணை மூடிவிட்டது. அப்படிப்பட்ட பிள்ளையை சாமியார் மந்திரித்த கல்லறை மண்ணில் புதைக்க மாட்டார்கள். கல்லறைச் சுவருக்கு வெளியே, உடைமரத்தடியில் குழி வெட்டினார்கள். பின்னால் அவள் புருஷன் இறந்தபோது அவனைச் சுவருக்கு உள்ளே வைத்தார்கள்.

அணை வந்தபோது, உள்ளே இருந்தவர்களின் எலும்புகளையெல்லாம் தோண்டிக் காலனிக் கல்லறைக்குக் கொண்டுவந்தார்கள். புருஷனும் வந்தான். பிள்ளையை எடுக்க யாருக்கும் தோன்றவில்லை. கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. புதியம்புத்தூர்த் தையற்கடைச் சட்டைகளுக்குப் பித்தான் தைத்துக்கொண்டு தனியாகக் காலம் தள்ளினாள்.

நேற்றுத்தான் எட்வர்டிடம், "எம் பிள்ளைக்கும் ஒரு மேடு வையிலே" என்று கேட்டிருந்தாள். இப்போது குடிலில் சுவருக்கு வெளியே தேடினாள். காணவில்லை. உள்ளே, புருஷனின் சிலுவையை ஒட்டினாற்போல் விரல் நீளத்துக்கு ஒரு மண்மேடு இருந்தது. அதன் மேல் ஈர்க்குச் சிலுவை. சின்ன வயசுக்காரன், பழைய கதை தெரியாமல் உள்ளே வைத்திருக்கிறான். அவள் மூச்சுக் காட்டாமல் பார்த்துக்கொண்டே நின்றாள்.

கோயில் உபதேசியார் கிறிஸ்துராஜ் குனிந்து பார்த்தார். "இது யாருலே?"

"மதலேனம்மா சித்தி பிள்ள."

"அது வெளியேல்லா கெடந்துது. நாந்தான குழிகிட்ட நின்னேன். ஊரக் காட்டுதேன்னா உள்ளதக் காட்டணும்லே."

அவர் மனசில் கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. இரண்டு விரலால் மேட்டைத் தூக்கிச் சுவருக்கு வெளியே வைத்தார். அங்கே சிலுவை கிடையாது என்பதால் ஈர்க்கையும் பிடுங்கிவிட்டார்.

எட்வர்ட் முகம் செத்துப்போயிற்று. "தெரியாம வச்சிட்டேன் சித்தி."

"தெரிஞ்ச எவனும் வைக்கலியேலே" என்றாள் மதலேனம்மாள்.

பிறகு குனிந்து அந்த மண்ணை உள்ளங்கையில் எடுத்துக்கொண்டாள். ஈரம் இன்னும் காயவில்லை. பூசைக்கு வந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். அதை எங்கே கொண்டுபோகிறாள் என்று யாரும் கேட்கவில்லை. மூடிய உள்ளங்கையோடு அவள் கோயில் வாசலைத் தாண்டினாள்.