மாப்பிள்ளை துடைக்கும் விமானங்கள்

வந்திருந்தவர்கள் – பெண்ணின் அப்பா, தாய்மாமன் முனிராஜ், அவருடைய மனைவி, கல்யாண புரோக்கர், அப்புறம் ஏரியூரிலிருந்து ஒரு வேன் நிறைய சொந்தக்காரர்கள். வராதவர்கள் இரண்டே பேர். பெண். மாப்பிள்ளை.

சிரிக்காதீர்கள். எங்கள் மொரப்பூர் பக்கம் ‘வூடு பாக்க வர்றது’ என்றால் அப்படித்தான். பெண் வீட்டார் வந்து மாப்பிள்ளையின் வீட்டைப் பார்ப்பார்கள். கிணறு, மாடு, தென்னை, பாத்ரூம் கதவின் தாழ்ப்பாள்... ஒன்றையும் விடமாட்டார்கள். கட்டிக்கொள்ளப் போகிற இரண்டு பேருக்கும் அன்றைக்கு அங்கே என்ன வேலை?

மாப்பிள்ளை என் தம்பி மாதேஷ். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். எனக்குப் பின்னால் வந்தவன் அவன். நான் வழியைக் காட்டிவிட்டு மொரப்பூரிலேயே நின்றுவிட்டேன். அவன் அதே வழியில் போய் ஜெர்மனியில்தான் நின்றான். வாஷிங் மெஷினுக்குப் பாகங்கள் செய்கிற ஃபேக்டரியில் இன்ஜினீயர். பெண் நந்தினி, பாலக்கோட்டில் லேப் டெக்னீஷியன். போனில் பேசிப் பேசி இரண்டு பேருக்கும் பிடித்துப்போய்விட்டது.

அப்புறம் என்ன தடை? தாய்மாமன்தான். அவர் தலையாட்டாமல் அந்த வீட்டில் ஆடு கூடக் கைமாறாதாம். அவருக்கோ வெளிநாட்டு மாப்பிள்ளை என்றாலே பயம். யாரோ ஒருவன் அங்கே ஒரு குடும்பத்தை வைத்துக்கொண்டு இங்கே தாலி கட்டிய கதையை எங்கேயோ கேட்டிருக்கிறார். நியாயமான பயம்தானே? அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். அதனால் என் அம்மா அன்று காலையிலிருந்து ஒரு வாய் சாப்பிடவில்லை.

முனிராஜ் மாமா முறையாகவே பார்த்தார். மோட்டாரைப் போடச் சொன்னார். தண்ணீரைக் கையில் பிடித்துக் குடித்தார். மாட்டின் பல்லைப் பார்த்தார். பிறகு பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்து, காபியை ஒரு மடக்கு குடித்துவிட்டுச் சொன்னார்:

“வூடு நல்லாத்தான் இருக்குதுங்க. ஆனா எங்க புள்ள இங்கயா இருக்கப் போவுது? அந்தத் தம்பி இருக்கற எடத்தயில்ல நாங்க பாக்கணும்?”

அம்மா என்னைப் பார்த்தாள். எங்கள் வீட்டில் போன் என்றால் அது என் இலாகா. வீடியோ கால் போட்டேன். இங்கே சாப்பாட்டு நேரம் முடிந்திருந்தது, அங்கே காலை.

எடுத்தான். நீலக் கலர் ஓவர்கோட். கையில் எண்ணெய்த் துணி. முதுகுக்குப் பின்னால் – ஒரு போர் விமானம்!

புரோக்கர் துள்ளி எழுந்தார். “நாஞ் சொன்னனுங்களே! மாப்ள பிளேன் டிபார்ட்மெண்ட்டுனு!”

நான் தலையைக் குனிந்துகொண்டேன். விஷயம் இதுதான். ஜெர்மன் விமானப்படை ஒரு காலத்தில் வைத்திருந்த தளம் அது. ராணுவம் காலி செய்துவிட்டுப் போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது. சிப்பாய்கள் இருந்த கட்டிடங்களை வாடகை வீடாக்கிவிட்டார்கள். அதில் ஒன்றில்தான் என் தம்பி குடியிருக்கிறான். விமானம் நிறுத்துகிற கொட்டகை ஒன்றில், உள்ளூர்க்காரர்கள் சிலர் சேர்ந்து சின்னதாக ஒரு விமான மியூசியம் நடத்துகிறார்கள். மாதேஷ் ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே போய் விமானங்களைத் துடைக்கிறான். புரோக்கர் அட்ரஸில் இருந்த ‘விமானப்படை’யை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை விட்டுவிட்டார்.

என் தம்பிக்குப் பொய் வராது. கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லித் தொலைத்தான்.

“தம்பி, பின்னால நிக்குதே, அது ஓடுமா?”

“ஓடாதுங்க மாமா.”

“பக்கத்துல இருக்கறது?”

“அதுவும் ஓடாதுங்க. இன்ஜின் இல்லைங்க.”

“அப்ப எதுதான் ஓடும்?”

“இங்க எதுவும் ஓடாதுங்க மாமா.”

“ஓடாத வண்டிய எதுக்குத் தொடைக்கற? சம்பளம் எவ்ளோ குடுக்கறான்?”

“சம்பளமெல்லாம் இல்லைங்க. சும்மாதான் வர்றேன்.”

முனிராஜ் மாமா காபி டம்ளரைக் கீழே வைத்தார். பாதிக் காபி அப்படியே இருந்தது. பெண் வீட்டார் பாதிக் காபியை வைத்துவிட்டு எழுந்தால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா?

“சம்பளம் இல்லாம... லீவு நாள்ல... ஓடாத வண்டிக்கு... எங்கயோ இடிக்குதே” என்றார் பெண்ணின் அப்பாவிடம். “ஏதாச்சும் தப்புப் பண்ணி தண்டனை குடுத்துருக்கானுவளா?”

அது போனிலும் கேட்டுவிட்டது.

“அப்படி இல்லைங்க மாமா” என்றான் மாதேஷ். “ஞாயித்துக்கெழமன்னா இங்க கடையெல்லாம் மூடிருவாங்க. ரோட்டுல ஆளே இருக்காது. வந்த புதுசுல பேசறதுக்கு ஒருத்தரும் இல்ல. நடந்துட்டே இருந்தேன். இந்தக் கதவு மட்டும்தான் தெறந்திருந்துது. எட்டிப் பாத்தேன். உள்ள இருந்தவரு பேரு ஊரு கூடக் கேக்கல... ஒரு துணியத் தூக்கிக் கையில குடுத்துட்டாரு. அன்னிலருந்து வர்றேங்க.”

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ‘நல்லா இருக்கேம்மா, ஜாலியா இருக்கேம்மா’ என்றுதானே வாராவாரம் சொல்லியிருந்தான்? எனக்கும் அப்படித்தான் சொல்லியிருந்தான். நாங்களும் நம்பியிருந்தோம்.

மாமா அப்போதும் அசையவில்லை. “அது சரி தம்பி. ஆனாலும் ஓடாத வண்டிய...”

அப்போதுதான் அத்தை – முனிராஜ் மாமாவின் மனைவி – வாயைத் திறந்தார். அதுவரை எங்கள் வீட்டு முறுக்கில் கவனமாக இருந்தவர்.

“ஏங்க, நம்ம மாட்டுக் கொட்டாயில ஒரு மினிலாரி நிக்குதே. அது ஓடுதா?”

“அது வேற...”

“என்னா வேற? செங்கல்லு மேல நிக்குது. நாலு டயரும் இல்ல. கோழி முட்ட வுடுது உள்ள. எடைக்குப் போடுங்கன்னா காதுலயே வாங்க மாட்டீங்க. வருஷா வருஷம் ஆயுத பூஜைக்குக் கழுவி, பொட்டு வெச்சு, மாலை போட்டு, எலுமிச்சம்பழம் வேற வெக்கறீங்க. நசுக்கறதுக்கு டயரு எங்க இருக்குது?”

வேன் மொத்தமும் சிரித்தது. பெண்ணின் அப்பா கூடத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தார்.

“அது நான் மொத மொத வாங்குன வண்டிடி” என்றார் மாமா. குரல் இறங்கியிருந்தது. “அதுல தக்காளி ஏத்தித்தான் ரெண்டு தங்கச்சிக்கும் கல்யாணம் பண்ணுனேன்.”

“அந்தப் புள்ளயும் அதத்தான சொல்லுது?”

நானும் யோசித்துப் பார்த்தேன். ஓடாத ஒரு வண்டி இல்லாத வீடு நம் ஊரில் உண்டா? ஸ்டாண்ட் உடைந்த மொபெட், பெயிண்ட் உதிர்ந்த டிராக்டர், ஹேண்டில் மட்டும் மிஞ்சிய சைக்கிள்... விற்கவும் மனசு வராது, ஓட்டவும் முடியாது. நாம் அதன் மேல் வைக்கோலைப் போடுகிறோம். ஜெர்மன்காரர்கள் முன்னால் ஒரு போர்டு வைக்கிறார்கள். வித்தியாசம் அவ்வளவுதான்!

முனிராஜ் மாமா நாற்காலியை போனுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டார். மீதிக் காபியை ஒரே மூச்சில் குடித்தார்.

“அந்தக் கூர்மூக்குப் பிளேன கொஞ்சம் கிட்டக் காட்டு, மாப்ள.”

கவனித்தீர்களா? அதுவரை தம்பி. இப்போது மாப்ள! அம்மா எழுந்து உள்ளே போய்விட்டாள். கண்ணைத் துடைக்கவா, சாப்பிடவா என்று தெரியவில்லை. இரண்டும் செய்திருப்பாள்.

அதற்கப்புறம் அது வீடு பார்க்கும் படலம் மாதிரியே இல்லை. “இது சண்டைக்குப் போச்சா மாப்ள?” “இல்லைங்க மாமா. எந்நேரமும் தயாரா நின்னுதாம். கூப்பிடவே இல்லையாம்.” “நல்லதாப் போச்சு போ.” மாதேஷ் போனோடு வெளியே வந்தான். மண் மூடிப் புல் முளைத்த கொட்டகைக் கூரையைப் பார்த்துவிட்டு, ஆடு ஏறுமா என்று ஒருவர் கேட்டார். தளம் எத்தனை ஏக்கர், போர் போட்டால் தண்ணீர் வருமா என்று பெண்ணின் அப்பா விசாரித்தார். மாதேஷ் ஓடுபாதையைக் காட்டினான். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை சிமெண்ட். அத்தை பெருமூச்சு விட்டார்:

“ஐயோ... ஊரு கேவுரு மொத்தத்தயும் காயப் போடலாம். ஒரு பஸ்ஸு தொந்தரவு இல்ல!”

திடீரென்று அத்தையின் மடியிலிருந்து ஒரு பெண் குரல். “அத்தை, இந்தப் போன அந்தப் போனுக்குக் கிட்ட வையுங்க.”

நந்தினி! அத்தை ஆரம்பத்திலிருந்தே தன் போனில் அவளை லைனில் வைத்திருக்கிறார். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். சிலர் முகம் சுளித்தார்கள். அவள் விடவில்லை.

“ஓடாத பிளேன இவ்ளோ அக்கறையாத் தொடைக்கறீங்க. சந்தோஷம். ஓடற மிக்ஸிய யார் கழுவுவாங்க?”

மாதேஷ் எண்ணெய்த் துணியை மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்தான்.

“நான்தாங்க” என்றான் என் தம்பி.

“மாமா, எனக்கு சரி” என்றாள் அவள். அத்தையின் போன் கட்டாகிவிட்டது.

முனிராஜ் மாமா தலையாட்டினார். வெற்றிலைத் தட்டை எடுத்துக்கொண்டு அம்மா ஓடி வந்தாள். தட்டு மாற்றுகிற நேரத்தில் மாமா மறுபடியும் போனுக்குக் குனிந்தார்.

“மாப்ள, அங்க டிக்கெட்டு உண்டா?”

“வாசல்ல பெட்டி இருக்குதுங்க. ஆளுக்கு அஞ்சு யூரோ.”

“அப்ப சும்மா பாத்துட்டுப் போனா நல்லாவா இருக்கும்?” என்றவர், சட்டைப் பையிலிருந்து ஒரு நூறு ரூபாய் நோட்டை எடுத்துத் தட்டில் வைத்தார். “இந்தா... எல்லாருக்கும் சேத்து.”

எல்லோரும் கைதட்டினார்கள். சிரிப்போடு அந்த விஷயம் முடிந்தது என்றுதான் நினைத்தேன். வேன் கிளம்பிய பிறகு தம்பி எனக்கு ஒரு போட்டோ அனுப்பினான். மியூசியத்தின் உண்டியல். அதன் வாயில், யூரோ நோட்டோடு அவன் கை. உடனே அவனைக் கூப்பிட்டேன்.

“யாருடா உன்னக் கேட்டா?” என்றாள் அம்மா, என் போனைப் பிடுங்கி.

“பாத்தாங்கல்லம்மா? ஸ்க்ரீன்ல எண்ணிட்டேன், பதினோரு பேரு.”

ஐம்பத்தைந்து யூரோ. நம் காசுக்கு ஏறக்குறைய ஐயாயிரத்து ஐந்நூறு ரூபாய்.