குளிருது, கதவைத் திற

எங்கள் ஊரில் வீட்டு ஹீட்டர் நின்றுபோனால் எல்லோரும் கூப்பிடுவது வெண்டல் நியெமியைத்தான். மினசோட்டாவின் வடகோடி, இரும்புச் சுரங்க ஊர். ஜனவரியில் ஹீட்டர் படுத்துவிட்டால் குழாய்த் தண்ணீர் உறைந்து குழாயே வெடித்துவிடும். வெண்டல் வருவார், பேசாமல் பழுது பார்ப்பார், கிளம்பும்போது வாசல் கதவை இழுத்துப் பார்த்து, "சாத்தியே வைங்க" என்று சொல்லிவிட்டுத்தான் வண்டி ஏறுவார். மனுஷனுக்குக் கதவுப் பைத்தியம் என்று ஊரே கிண்டலடிக்கும். அந்தப் பைத்தியம் எப்படிப் பிடித்தது என்று ஒருவருக்கும் தெரியாது.

பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் இந்த வெண்டலுக்கு வேறு பைத்தியம். வரைபடம் போடும் அந்தப் பெரிய கால்குலேட்டர் வகுப்பில் எல்லோரிடமும் இருந்தது. பக்கத்து மேசைக்காரி பென்சில் பொறுக்கக் குனிந்தால் போதும், அவளுடையதில் கோண அளவு டிகிரியிலிருந்து ரேடியனுக்கு மாறியிருக்கும். பாவம், பக்கம் பக்கமாகத் தப்பாக எழுதிவிட்டு உட்கார்ந்து அழுவாள். இன்னொருவனுடைய திரையை மங்கலாக்கி வைத்து, "ஐயோ, செத்துப்போச்சு!" என்று அவனை அலற விடுவான். பரீட்சைக்கு முன்னால் கணக்கு வாத்தியார் ஹாகன் வரிசையாக வந்து ஒவ்வொன்றின் நினைவகத்தையும் அழிப்பது வழக்கம். அழித்துவிட்டதாகப் பொய்த்திரை காட்டும் ப்ரோகிராமை எழுதி, வகுப்பு முழுக்கக் கேபிள் வழியாக ஏற்றிக் கொடுத்தவனும் இவன்தான். படுபாவிக்கு மூளை மட்டும் கத்தி மாதிரி.

அவனுடைய ஒரே கூட்டாளி டோபி ஜூப்பன். டோபியின் அம்மா லொரெய்ன் அதே பள்ளிக் கேண்டீனில் சாப்பாடு பரிமாறுபவர். கணவர் எப்போதோ விட்டுவிட்டுப் போய்விட்டார். வீட்டில் தாயும் மகனும் மட்டும். டோபிக்கு ஒரு கெட்ட பழக்கம், பையைப் பிக்கப் வண்டியிலேயே போட்டுவிட்டு வீட்டுக்குள் போய்விடுவான். காலையில் கால்குலேட்டர் விறைத்துப்போய்த் திரை நகரவே நகராது.

அதற்காகவே நவம்பரில் வெண்டல் ஒரு குறும்பு செய்தான். டோபியின் கால்குலேட்டரில் ஒரு ப்ரோகிராமை ஓடவிட்டான். பார்க்க வழக்கமான திரை போலவே இருக்கும், கணக்கும் சரியாக வரும். எப்போதாவது ஒருமுறை மட்டும் விடைக்குப் பதில் இப்படி வரும்: "குளிருது. கதவைத் திற." அதுவாக அணைந்து தூங்கிப்போனாலும், எழுப்பினால் விட்ட இடத்திலிருந்து ஓடும்.

டோபி பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான்.

"டேய், இது நீதானே?"

"நான் ஏன்டா? அதுவே சொல்லுது. ராத்திரியெல்லாம் வண்டியில போட்டு வதைக்கிற இல்ல?"

"இருக்கட்டும்டா, அழிக்காத. பேய்க் கால்குலேட்டர்னு பேர் வச்சுக்கறேன்."

டிசம்பர் முதல் வாரம். ஏரி உறைந்துவிட்டது, ஆனால் ஆறு வந்து கலக்கும் குறுகலில் மட்டும் பனி மெல்லிசு. ஊரில் பிறந்த பிள்ளைக்கு அது தெரியாதா? தெரியும். இருந்தும் டோபி தன் மோட்டார் பனிவண்டியை அதன் குறுக்கே விட்டான். பனி உடைந்து வண்டியோடு உள்ளே போய்விட்டான்.

சவ அடக்கத்தில் வெண்டல் அழவில்லை. தான் தட்டிய அந்த இரண்டு வரிதான் மண்டைக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. வீட்டுக்கு வந்ததும் மாடியறை ஜன்னலை ஒரு சாண் மேலே தூக்கித் திறந்து வைத்தான். அது வெறும் ப்ரோகிராம்தான் என்று அறிவு சொல்லத்தான் செய்தது, கை கேட்டால்தானே! அன்றிலிருந்து அவன் அறை ஜன்னலை மூடவே இல்லை. யாரிடமும் சொல்லவுமில்லை.

கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஒருநாள் அப்பா ஆர்வோ வேலை முடித்து எரிச்சலோடு வந்தார். அவரும் ஹீட்டர் பழுது பார்ப்பவர்தான்.

"ஜூப்பன் வீட்டுக்குப் போனேன். லொரெய்ன் வாசலை ஆன்னு திறந்து போட்டுட்டு சூடு வரலைங்கறா. சாத்தினா மறுபடியும் திறக்கறா. பையன் கால்குலேட்டர்ல பேசறானாம், குளிருதாம். இருமல் வேற. இப்படியே விட்டா இந்த வாரம் தாங்க மாட்டா."

மறுநாள் காலையிலேயே வெண்டல் அங்கே ஓடினான்.

வாசல் திறந்துதான் கிடந்தது. பனி வாசல் நடையைத் தாண்டிச் சமையலறை வரைக்கும் வந்திருந்தது. லொரெய்ன் கோட்டோடு மேசையில் உட்கார்ந்திருந்தார், உதடு நீலம் பாரித்திருந்தது. எதிரே கால்குலேட்டர்.

"வா கண்ணு. கேண்டீனுக்கு எத்தனை பால் பாக்கெட்னு கணக்குப் போடத்தான் எடுத்தேன். அவன் பேசினான்."

"மிஸஸ் ஜூப்பன், அது வந்து..."

"அவன் பேச்சும் நின்னுபோச்சுன்னா நான் எதுக்குடா இருக்கணும்?"

உண்மையைச் சொன்னால் இந்த அம்மா இன்றைக்கே போய்விடுவாள், சொல்லாவிட்டால் குளிரில் போய்விடுவாள்.

"பேட்டரி தீரப்போகுது," என்றான். "குடுங்க, மாத்தித் தரேன். நீங்க காபி போடுங்க."

அவர் மனமில்லாமல்தான் கொடுத்தார். அவர் முதுகைத் திருப்பியதும் வெண்டல் ப்ரோகிராமைத் திறந்தான். விரல் மரத்துப்போயிருந்தது. பழைய இரண்டு வரியை அழித்துவிட்டு வேறு இரண்டு வரியைத் தட்டினான், ஓடவிட்டான்.

லொரெய்ன் வந்து உட்கார்ந்து பால் பாக்கெட்டுகளைக் கூட்டினார், பெருக்கினார். காபி ஆறிப்போனது. வெண்டல் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கடைசியில் திரையில் வந்தது. அவர் வாய்விட்டுப் படித்தார்.

"இப்ப கதகதப்பா இருக்கேன். கதவைச் சாத்து."

இன்னொருமுறை படித்தார். எழுந்து போனார், காலால் பனியை ஒதுக்கினார், கதவைச் சாத்தினார்.

அந்தக் குளிர்காலத்தை அவர் தாண்டிவிட்டார். இருமல் நின்றது, கேண்டீனுக்குத் திரும்பினார். வெண்டல் அதற்கப்புறம் யாருடைய கால்குலேட்டரையும் தொடவில்லை. ஜன்னலை மட்டும் மூடவில்லை.

ஏப்ரலில் ஏரிப்பனி உடைந்த வாரம், கேண்டீன் வரிசையில் லொரெய்ன் அவன் தட்டில் உருளைக்கிழங்கை இரண்டு கரண்டி கூடவே போட்டுவிட்டுக் குனிந்தார்.

"நேத்து டோபி உன்னைப் பத்திப் பேசினான்."

வெண்டல் திடுக்கிட்டான். "என்ன சொன்னான்?"

"வெண்டலை அந்த ஜன்னலைச் சாத்தச் சொல்லு, எனக்கு இனிமே வேண்டாம்னான். எந்த ஜன்னல் கண்ணு?"

தான் எழுதியது இரண்டே வரி. அதில் தன் பெயரும் இல்லை, ஜன்னலும் இல்லை. பள்ளி விட்டதும் நேரே அவர் பின்னாலேயே வீட்டுக்குப் போனான். டோபியின் படத்துக்குப் பக்கத்தில் கால்குலேட்டர் இருந்தது. பொத்தானை அழுத்தினான், திரை வரவில்லை. மறுபடியும் அழுத்தினான். திருப்பிப் பின்மூடியைக் கழற்றினான். உள்ளே பேட்டரியே இல்லை.

"அதையா தேடற? ஜனவரியிலயே எடுத்து டார்ச்ல போட்டுட்டேன்," என்றார் லொரெய்ன், கோட்டைக் கழற்றி மாட்டியபடி. "அவனுக்கு எதுக்குடா பேட்டரி?"

வெண்டல் தலைதெறிக்க வீட்டுக்கு ஓடினான். மாடியேறி ஜன்னலை இறக்கிக் கொக்கியைப் போட்டான். சவ அடக்கத்தில் அழாதவன், அந்தச் சாத்திய ஜன்னலுக்குக் கீழே உட்கார்ந்து வாய்விட்டு அழுதான்.