ஐந்து நண்டுகளும் ஒரு சட்டைக் கையும்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. பல் தேய்த்துக்கொண்டே என் கடல்நீர்த் தொட்டியை எட்டிப் பார்த்தவன், பிரஷ்ஷை வாயில் வைத்தபடி அப்படியே நின்றுவிட்டேன். ஏழு ஹெர்மிட் நண்டுகளில் ஐந்து, சங்கை விட்டு வெளியே வந்து மணலில் கிடந்தன.

ஹெர்மிட் நண்டு என்பது காலிச் சங்குக்குள் குடியிருக்கிற சின்ன நண்டு. லேசில் வெளியே வராது. இப்படி மொத்தமாக வெளியே கிடந்தால்... போய்விட்டது என்று அர்த்தம்.

கடலே இல்லாத போடியில் கடல்நீர்த் தொட்டியா என்று கேட்காத ஆள் இல்லை. உப்பு மதுரையிலிருந்து பஸ்சில் வருகிறது, தண்ணீர் வீட்டு ஆர்.ஓ. மெஷினில் வருகிறது, வேறென்ன வேண்டும்? உள்ளே பாறை, பாறை மேல் மென்பவளங்கள். எலும்பு கிடையாது, தண்ணீர் அசைந்தால் அவையும் அசையும். பாறையில் படியும் பாசியை நண்டுகள் மேய்ந்து சுத்தம் செய்யும். நல்ல அண்டை வீட்டுக்காரர்கள்தான். ஒரே தகராறு — நண்டுக்குத் தனிப் பாதை கிடையாது. பவளத்தின் தலை மேலேயே ஏறிப் போகும். சமயத்தில் சாய்த்தும் விடும்.

முந்தின நாள் சாயங்காலம் அப்படித்தான் ஒரு பவளம் சாய்ந்து கிடந்தது.

என் தங்கை செல்வியும் அவளுடைய இரண்டு வயது மகளும் வீட்டுக்கு வந்திருந்தார்கள். அவர்களைக் கூட்டிப் போக, மாப்பிள்ளை முருகேசன் ஜீப்பிலிருந்து இறங்கி நேராக வந்தார். அவருக்கு மலை மேலே ஏலத்தோட்டத்தில் பூச்சிமருந்து அடிக்கிற வேலை. சும்மா இருக்க மாட்டார், உதவி என்றால் முதல் ஆள். குழாயடியில் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு, தொட்டிக்குள் கையை விட்டுப் பவளத்தை நிமிர்த்தி வைத்தார். நானும் சந்தோஷமாக நன்றி சொல்லி, காபி கொடுத்து அனுப்பினேன்.

காலையில் இப்படி.

நண்டு வாங்கின மதுரைக் கடைக்காரருக்கு போன் போட்டேன். பவளம் எப்படி இருக்கிறது என்று கேட்டார். சுருங்கியிருக்கிறது, ஆனால் உயிரோடு இருக்கிறது என்றேன்.

“வீட்டுல பூச்சிமருந்து ஏதும் பட்டுச்சா சார்? பூச்சியும் நண்டும் பங்காளிங்க. பவளம் தாங்கினாலும் நண்டு தாங்காது.”

அவர் சொன்னபடி பாதித் தண்ணீரை மாற்றி, ஃபில்டரில் புதுக் கரி போட்டேன். கை தன்பாட்டுக்கு வேலை செய்தது. மனசு மாப்பிள்ளையிடம் போய்விட்டது. சொல்வதா, வேண்டாமா? ஐந்து நண்டுக்காக வீட்டு மாப்பிள்ளையைக் குற்றம் சொல்கிறான் என்று ஆகிவிடாதா? அரை மணி நேரம் யோசித்தேன். நண்டைக் கொன்றது அவர் உடம்பிலும்தானே இருக்கும்? அது உறைத்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு அடுத்த தெருவில் இருக்கிற அவர்கள் வீட்டுக்கு நடந்தேன்.

நடந்ததையெல்லாம் சொன்னேன். முருகேசன் மெதுவாகச் சொன்னார்.

“கையத்தான மச்சான் கழுவுனேன். சட்டைக் கை தொட்டிக்குள்ள முழங்கை வரைக்கும் நனைஞ்சிச்சே... மருந்தடிச்ச சட்டை.”

செல்வி வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“அந்தச் சட்டையோடதான் அண்ணே தினமும் பிள்ளையத் தோள்ல போட்டுக்கிறாரு.”

அதற்கப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. ஒரு வருடமாகச் சாயங்காலமானால் தலைவலி, அது எங்களுக்கும் தெரியும். வேர்த்துக் கொட்டுமாம். சில நாள் விரல் நடுங்குமாம். மலைப்பாதை வளைவு ஒத்துக்கொள்ளவில்லை என்று அவரும் நினைத்தார், நாங்களும் ஆமாம் போட்டோம். அவரோடு ஜீப்பில் வருகிற, மருந்தடிக்காத ஆட்களுக்கு அது இல்லையே என்று யாரும் கேட்கவில்லை. நான் உட்பட.

மறுநாள் மூவரும் குழந்தையோடு தேனி ஆஸ்பத்திரிக்குப் போனோம். ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டர், பூச்சிமருந்து உடம்பில் ஏறியிருக்கிறது, சரியான நேரத்தில் வந்தீர்கள், சில மாதம் மருந்துப் பக்கமே போகக் கூடாது என்றார். குழந்தைக்கு ஒன்றும் இல்லை. அதைக் கேட்டதும் மாப்பிள்ளை சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். நான் தண்ணீர் வாங்கி வருகிற சாக்கில் வெளியே போனேன்.

தோட்டத்து சூப்பர்வைசர் நல்ல மனிதர். ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோருக்கு மாப்பிள்ளையை மாற்றிவிட்டார். இப்போது தலைவலி இல்லை. மருந்தடிக்கிற மற்றவர்களும் கையுறை கேட்டு வாங்கியிருக்கிறார்களாம். வேலை முடிந்ததும் மேலேயே குளித்து, சட்டை மாற்றிக்கொண்டுதான் ஜீப்பில் ஏறுகிறார்களாம்.

நண்டுகளை அந்த மருந்துதான் கொன்றதா? நிரூபிக்க என்னால் முடியாது. மிச்ச இரண்டு நண்டும் பிழைத்துக்கொண்டன, பவளம் மூன்றாம் நாள் விரிந்தது. போன ஐந்துக்கும் என் வாழ்நாள் முழுக்க நன்றி உண்டு.

வெட்கம்தான் போகமாட்டேன் என்கிறது. வாயுள்ள மனிதர் ஒரு வருடம் தலைவலி என்றார், தைலம் தேய்க்கச் சொன்னோம். வாயில்லாத ஐந்து ஜீவன் செத்ததும் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

உங்கள் வீட்டில் யாராவது தினமும் “லேசாத் தலைவலி” என்கிறார்களா? தயவுசெய்து... நண்டு சாகிறவரை காத்திருக்காதீர்கள்.