மூன்றாவது ஆளின் எடை

பள்ளிப் பேருந்தைக் கொண்டுவந்து நிறுத்தியதும் லாரீ ஓவெசன் உடனே இறங்க மாட்டாள். கடைசி வரிசைவரை நடந்து ஒவ்வொரு இருக்கைக்கு அடியிலும் குனிந்து பார்ப்பாள். தூங்கிப்போன குழந்தை எதுவும் மிச்சமிருக்கிறதா என்று பார்ப்பது எல்லா ஓட்டுநருக்கும் உள்ள விதிதான். லாரீ திரும்பி வரும்போது இன்னொரு தடவையும் பார்ப்பாள். இத்தனை வருஷத்தில் ஒரு குழந்தையைக்கூட விட்டுவிட்டு வந்ததில்லையே, எதற்கு இரண்டாவது தடவை என்று மற்ற ஓட்டுநர்கள் கேட்பார்கள். அதனால்தான் விட்டதில்லை என்பாள் அவள்.

கிரீன் ரிவரில் பிறந்தவள். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் அந்த ஊரைத் தெரிந்தவர்களுக்கு அதன் முலாம்பழத்தைத்தான் தெரியும். லாரீயும் பழங்களைப் பெட்டியில் அடுக்கித்தான் முதல் சம்பளம் வாங்கினாள். இருபது வயதில் வெர்லைக் கட்டிக்கொண்டாள். வெர்ல் அனல்மின் நிலையத்தில் வேலை பார்த்தான். அவனிடம் ஒரு ஜீப் இருந்தது. சனிக்கிழமையானால் ஊருக்கு மேற்கே பாறைக்காட்டுக்குக் கிளம்பிவிடுவார்கள். வழி மோசமாகும் இடத்தில் வெர்ல் நிறுத்துவான். லாரீ இறங்கி முன்னால் போய் நின்று கை காட்டுவாள். இடது, இன்னும் கொஞ்சம், நில், வா. அந்தக் கையைப் பார்த்துத்தான் சக்கரம் உருளும். வண்டி ஏறிவிட்டால் வெர்ல் நன்றாக ஓட்டுகிறான் என்பார்கள். வண்டியின் அடி பாறையில் தட்டினால் வெர்ல் தலையை வெளியே நீட்டி, "கையா அது, என்னத்தக் காட்டற?" என்பான். ஊருக்குள் ரொட்டி வாங்க மட்டும் சாவி அவள் கைக்கு வரும்.

விவாகரத்தின்போது அவள் வீட்டைக் கேட்கவில்லை. ஜீப்பைக் கேட்டாள். ஏன் என்று அவளுடைய வக்கீலே கேட்டார்.

"பாதி வழி நான் அதுக்கு முன்னாடி நடந்தே போயிருக்கேன். மீதியாவது உக்காந்து போறேன்" என்றாள்.

வெர்ல் பிரைஸ் என்ற ஊருக்குக் குடிபோனான். அங்கே போக ஒரு மணி நேரம் ஆகும். ஏழு வருஷமாக அவர்கள் பேசிக்கொள்ளவில்லை. டெவான் கில்பாக்கும் அவன் மனைவி மார்ஜீனும் மட்டும் இரண்டு பேருக்கும் பொதுவான சிநேகிதர்களாக மிஞ்சினார்கள். டெவான் வெர்லோடு பள்ளியில் படித்தவன், பண்ணைகளின் தண்ணீர்ப் பம்புகளைப் பழுதுபார்ப்பவன். மார்ஜீன் தேவாலயப் பாட்டுக்குழுவில் லாரீயின் பக்கத்தில் நிற்பவள். யாரிடமும் யாரைப் பற்றியும் அவர்கள் பேசுவதில்லை. அது நாகரிகமா கள்ளத்தனமா என்று லாரீயால் முடிவுசெய்ய முடிந்ததில்லை.

ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை டெவான் சமையலறை மேஜையில் வரைபடத்தை விரித்தான். மெக்சிகோவிலிருந்து கடலுக்குள் நாக்குப் போல நீண்டு கிடந்தது பாஹா. அதன் நுனிவரை மண் தடத்திலேயே போய்வர மூன்று வாரம்.

"என் வண்டி அங்க போனா அதை அங்கயே பொதைச்சுட்டு வரணும். உன் ஜீப்பு தாங்கும். நீதான் ஓட்டணும் தாயே" என்றான்.

லாரீக்கு அப்போதே கிளம்பிவிடலாம் போல இருந்தது. அதைக் காட்டிக்கொள்ளாமல், "ஏன் இப்போ?" என்றாள்.

"பாத்தியா, கேள்வியை? வேற எப்போ, சக்கர நாற்காலி வந்தப்புறமா?" என்றாள் மார்ஜீன்.

அன்றிலிருந்து ஞாயிறுதோறும் கூடினார்கள். எங்கே தண்ணீர் கிடைக்கும், எங்கே பெட்ரோல் கிடைக்காது, எந்தத் தடம் மழையில் அறுத்துக்கொண்டு போகும் என்று பேசினார்கள். பின்பக்க ஸ்பிரிங் பட்டை பழசாகிவிட்டது, பாரம் தாங்காது, புதிதாகப் போட வேண்டும் என்றான் டெவான். எவ்வளவு பாரம் என்று சொன்னால்தான் கடைக்காரன் அதற்கேற்ற பட்டையைத் தருவான். தன் எடையைச் சொன்னான். மார்ஜீனிடம் கேட்டான்.

"கல்யாணத்தன்னிக்கு இருந்ததா, இப்போ உள்ளதா?"

"ஸ்பிரிங்குக்குப் பொய் தெரியாது. உண்மையைச் சொல்லு."

லாரீயிடம் அவன் கேட்கவில்லை. வேறொரு பெண்ணிடம் எடையைக் கேட்கக் கூச்சம் என்று நினைத்துக்கொண்டாள். ஆனால் அதற்கப்புறம் அவளுக்கு மற்றதும் கண்ணில் பட்டது. பள்ளியில் விடுப்புக் கொடுத்துவிட்டார்களா என்று டெவான் மூன்று தடவை கேட்டான். நீண்ட பயணம் அவள் முதுகுக்கு ஒத்துக்கொள்ளுமா என்று மார்ஜீன் கேட்டாள். லாரீயின் முதுகுக்கு ஒன்றும் இல்லை. ஒருநாள் அவள் உள்ளே நுழைந்ததும் டெவான் தொலைபேசியை வைத்துவிட்டு, "பம்புக்காரன்" என்றான். அவளேதும் கேட்டிருக்கவில்லை.

பிப்ரவரியில் கிராண்ட் ஜங்ஷன் நகரத்துக்குப் போய்ப் பட்டைகளை வாங்கி வந்தவள் லாரீ. கடைக்காரப் பையன் டெவான் எழுதி அனுப்பிய சிட்டையைப் பார்த்தான். "மூணு ஆளுங்க. ஒருத்தர் மட்டும் இருநூத்தி நாப்பது பவுண்டு, அதான் இவ்வளவு தடிமன்" என்றான்.

டெவான் ஒல்லி. மார்ஜீன் சொன்ன எடை காதில் விழுந்ததுதான், அது இவ்வளவு இல்லை. லாரீ நூற்றைம்பதைத் தாண்டியதில்லை. திரும்பி வரும் வழி முழுக்க அவள் ரேடியோவைப் போடவில்லை. இருநூற்று நாற்பது பவுண்டில் அவளுக்கு ஒரே ஒரு ஆளைத்தான் தெரியும்.

அந்தச் சனிக்கிழமை பயணச் சாமான் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு ஊர்க் குப்பைக்கிடங்கின் எடை மேடைக்குப் போனார்கள். வாங்கியது சரிதானா என்று ஒரு தடவை நிறுத்துப் பார்த்துவிட்டுத்தான் மாட்டுவேன் என்றான் டெவான். லாரீ ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தாள். மேடைமேல் நிறுத்தியதும் டெவான் இறங்கிப்போய் எங்கிருந்தோ ஒரு மணல் மூட்டையைத் தூக்கிவந்து அவள் இருக்கைக்குப் பின்னால் போட்டான்.

"இது என்ன?"

"சும்மா. கொஞ்சம் கூடுதல் பாரம்."

"எவ்வளவு?"

"தொண்ணூறு இருக்கும்."

லாரீ இன்ஜினை அணைத்தாள். "என் எடையும் இந்த மூட்டையும் சேர்ந்தா இருநூத்தி நாப்பது வருது டெவான். அந்த இருநூத்தி நாப்பது நானா?"

டெவான் மூட்டையை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளினான். ஆமாம் என்றால் ஒரு வம்பு, இல்லை என்றால் இன்னொரு வம்பு. மார்ஜீனுக்குக் குபீரென்று சிரிப்பு வந்தது. லாரீயின் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது.

"சொல்லித் தொலைங்க" என்றாள் மார்ஜீன்.

"வெர்ல் கேட்டான்" என்றான் டெவான். "நான் சரின்னு சொல்லல. உனக்கு லீவு கிடைக்கலைன்னா பயணம் நின்னுடக் கூடாதேன்னுதான். உங்க ரெண்டு பேர்ல கனமான ஆளுக்குக் கணக்குப் போட்டேன். பம்பு வாங்கினாலும் அப்படித்தான், பெரிய அளவா..."

"நான் இல்லாம என் ஜீப்பு போயிருக்குமா?"

"லாரீ..."

"போயிருக்குமா?"

மேடையறை ஜன்னலில் எடை பார்த்துக்கொண்டிருந்த கிடங்கு ஆள் லாமார் மணி அடித்தான். "பின்னாடி மூணு வண்டி நிக்குது. குடும்பச் சண்டைக்கு இங்க தனிக் கட்டணம் இல்ல, எடுங்கம்மா."

லாரீ எடுக்கவில்லை. "அவனைக் கூப்பிடு. இப்பவே. எல்லாருக்கும் கேக்கற மாதிரி வை."

டெவான் போனில் கூப்பிட்டான். வெர்லின் குரல் வந்தது. ஏழு வருஷத்தில் அது கொஞ்சம் கரகரத்திருந்தது.

"வெர்ல், லாரீதான் வர்றா. உனக்கு இடமில்ல" என்றான் டெவான்.

"அவ சொன்னாளா?"

"நான்தான் சொல்றேன்" என்றாள் லாரீ. "கேக்கணும்னா என்கிட்ட கேட்டிருக்கணும்."

"கேட்டா என்ன சொல்லியிருப்ப?"

"முடியாதுன்னு."

"அதான் கேக்கல" என்றான் வெர்ல். அவன் குரலில் கோபம் இல்லை. எரிபொருள் வடிகட்டியை மாற்றினாயா, பாஹா பெட்ரோல் அழுக்கு என்று ஏதோ சொல்ல ஆரம்பித்தான். டெவான் தொலைபேசியை அணைத்தான்.

மணல் மூட்டையை லாரீயே இறக்கினாள். மேடையை விட்டு வண்டியை எடுத்து ஊருக்குத் திரும்பினாள். தன் வீட்டு வாசலில் இறங்கும்போது டெவான் கேட்டான். "திங்கக்கிழமை வண்டியை என் கொட்டகையில விட்டுட்டுப் போறியா? பட்டை மாட்டி புதன்கிழமை தர்றேன்."

"திங்கக்கிழமை பள்ளிக்கூடம் லீவு. நான் இருக்கேன்."

"ரெண்டு நாள் வேலை அது. உக்காந்து என்ன செய்யப்போற?"

"செவ்வாய்க்கிழமை பஸ் முடிச்சுட்டு வந்து மறுபடி உக்காருறேன்."

"நம்பிக்கை இல்லையா என்மேல?"

"இல்ல" என்றாள் லாரீ. திட்டுவதுபோல அவள் சொல்லவில்லை. மணி என்ன என்று கேட்டால் சொல்வதுபோலச் சொன்னாள். "ஆனா நீ வரணும், மார்ஜீனும் வரணும். வேற யாரோடயும் போக எனக்கு ஆள் இல்ல."

திங்கட்கிழமை கொட்டகையில் குளிர் அதிகமாக இருந்தது. லாரீ மடக்கு நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்து போட்டுக்கொண்டாள். டெவான் வண்டிக்கு முட்டுக் கொடுத்துவிட்டு அடியில் நுழைந்தான். துருப்பிடித்த திருகாணி ஒன்று வர மறுத்தது. அவன் வைதான். விளக்கைப் பிடி என்றான், பிடித்தாள். மத்தியானம் மார்ஜீன் சூப் கொண்டுவந்து, "உள்ள வந்து சாப்பிடேன்டி, உன் வண்டிக்குக் காலா முளைச்சிருக்கு?" என்றாள். லாரீ கிண்ணத்தை வாங்கி அங்கேயே குடித்தாள்.

சூப் நன்றாக இருந்தது. நம்பிக்கை இல்லை என்று சொன்ன அதே குரலில் அதையும் சொன்னாள்.