ஐம்பத்து நாலாம் நம்பர் ஃப்ரேம்

மாஸ்டர் கண்ணுக்குத் தப்பின அளவு அந்தத் தெருவில் யாருக்கும் கிடையாது. முப்பது வருஷமாக ஆண்களுக்குக் கோட்டும் கால்சட்டையும் தைக்கிறவர். ஒருவர் கடைக்குள் நுழைந்து கண்ணாடிக் கதவைச் சாத்துவதற்குள், இடுப்பு இத்தனை, தோள் இத்தனை என்று மனசுக்குள் எழுதி முடித்துவிடுவார். வாய் திறந்து சொல்லும்போது மட்டும் கொஞ்சம் தாராளம். வயிறு நாற்பத்திரண்டு என்றால் நோட்டில் நாற்பத்திரண்டு எழுதிக்கொண்டு, வந்தவர் காதுபட நாற்பது என்பார். அந்த மனிதர் முகத்தில் வருகிற களையைப் பார்க்க வேண்டுமே! இதைப் பொய் என்று சொன்னால் மாஸ்டருக்குக் கோபம் வரும். மரியாதை என்பார்.

அவர் மனைவி நேர் எதிர். ஒரு கிளினிக்கில் நர்ஸ். டாக்டரைப் பார்க்க வருகிறவர்களை நிறுத்தி, உயரமும் எடையும் பார்த்து அட்டையில் எழுதுவது அவள் வேலை. எண்பத்தேழு கிலோ என்றால், வரிசையில் கடைசியில் நிற்பவருக்கும் கேட்கிற மாதிரி எண்பத்தேழு என்பாள். இப்போதுதான் சாப்பிட்டேன் என்று யாராவது இழுத்தால், சாப்பாட்டையும் சேர்த்துத்தானே ஏறினீங்க என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுவாள். பெற்ற தாயே வந்து நின்றாலும் ஒரு கிராம் குறைத்துச் சொல்ல மாட்டாள்.

இப்படிப்பட்டவளோடு குடும்பம் நடத்திக்கொண்டு, இருபத்திரண்டு வருஷமாக மாஸ்டர் ஒரு ரகசியத்தைக் காப்பாற்றி வந்தார். தன் உயரம் ஐந்தடி ஆறு அங்குலம் என்று கல்யாணப் பேச்சு நடந்தபோது சொல்லித் தொலைத்துவிட்டார். சொன்னதை அப்புறம் எப்படிக் குறைப்பது? அந்த உயரத்தில் இரண்டரை அங்குலம் ஷூவின் குதிகாலில் இருந்தது. மிச்சம் முக்கால் அங்குலம் வெறும் வாய்ச்சொல். குதிகால் வெளியே தெரியாதபடி, கால்சட்டையைத் தரை தொடுகிற மாதிரி நீளமாகத் தைத்துக்கொள்வார். வீட்டுக்குள் குதிகால் வலி என்று சொல்லி, அடி தடித்த செருப்பு. ஆளுக்கு மூளை இல்லை என்று சொல்ல முடியாது.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, பல் டாக்டர் கோட்டுத் தைக்க வருகிற வரைக்கும். அவர் இடுப்பு ஒரே வருஷத்தில் நாலு அங்குலம் இறங்கியிருந்தது. அதுவும் மாஸ்டரின் மரியாதை எதுவும் சேராமல், டேப்பிலேயே நாலு அங்குலம். விசாரித்தால், ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு கூட்டமாகச் சேர்ந்து ரோடு பைக் என்கிற ரேஸ் சைக்கிள் ஓட்டுகிறார்களாம். வளைந்த ஹேண்டில்பாரும் ஒல்லி டயருமாகக் கடை வாசல் வழியே பறந்து போகிற கூட்டம் இதுதானா என்று மாஸ்டர் வாயைப் பிளந்தார். மாசக் கடைசி ஞாயிறு அறுபது கிலோமீட்டர் போகிறோம், நீங்களும் வாங்களேன் என்றார் டாக்டர். ஒப்புக்குத்தான் சொல்லியிருப்பார். மாஸ்டர் அப்போதே பெயரைக் கொடுத்துவிட்டார். அப்புறம் கடைக்கு வந்த ஒருத்தர் விடாமல், அறுபது கிலோமீட்டர் அறுபது கிலோமீட்டர் என்று அளந்து தள்ளினார்.

சைக்கிள் கடையில் ஃப்ரேம் அளவு பார்க்க ஒரு பெண் இருந்தாள். சைக்கிளில் எதை வேண்டுமானாலும் பிறகு மாற்றலாம், ஃப்ரேம் மட்டும் ஆளுக்குத் தக்கதாக முதலிலேயே அமைய வேண்டும் என்று சொல்லிவிட்டு, ஷூவைக் கழற்றிச் சுவரோரமாக நிற்கச் சொன்னாள். வெறுங்காலில் நிற்க வேண்டும், தொடையிடுக்கில் ஒரு தடித்த புத்தகத்தை மேலே அழுத்திப் பிடித்து, அதிலிருந்து தரைவரை அளக்க வேண்டும். அதுதான் அவள் முறை. ஷூவைக் கழற்றுவதாவது! மாஸ்டருக்கு வியர்த்துவிட்டது.

“அளவெடுக்கிறதுதாம்மா என் பொழைப்பே. என் அளவு எனக்குத் தெரியாதா?”

சொன்னவர் கணக்கும் போட்டுக் காட்டினார். தன் கால்சட்டையின் உள் நீளம் முப்பது அங்குலம். தொடையிடுக்கில் துணி ஒரு அங்குலம் தொங்கும், அதையும் சேர்த்தால் முப்பத்தொன்று. கணக்கில் ஒரு நூல் பிசகு கிடையாது. ஆனால் அந்தக் கால்சட்டை காலுக்கும் குதிகாலுக்கும் சேர்த்துத் தைத்தது என்பது மனிதருக்கு நினைவுக்கே வரவில்லை. இருபத்திரண்டு வருஷமாகக் கூடவே இருந்ததில், குதிகாலும் தன் கால்தான் என்று ஆகிப்போயிருந்தது. நானே ஒரு தடவை அளந்துவிடுகிறேனே என்று அந்தப் பெண் கெஞ்சினாள். மாஸ்டர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஷூவோடு சைக்கிளின் இரண்டு பக்கமும் காலைப் போட்டு நின்று பார்த்தார், மேல் குழாய் தொட்டும் தொடாமல் நின்றது. ஐம்பத்து நாலாம் நம்பர் ஃப்ரேம், தள்ளுபடியில் வந்தது, ஓட்டிய பிறகு திருப்பி எடுக்க மாட்டார்கள். பெருமை பிடிபடாமல் வீட்டுக்குக் கொண்டு வந்தார்.

குதிகால் வைத்த ஷூ பெடலில் வழுக்கும் என்று தட்டை ஷூ ஒன்றும் வாங்கியிருந்தார். மறுநாள் விடியற்காலையில் அதைப் போட்டுக்கொண்டு கிளம்பினார். முதல் திருப்பத்தில் நிறுத்திக் காலை ஊன்றப் பார்த்தால், தரையைக் காணோம். சீட்டுக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவே போகிற அந்த மேல் குழாய் என்ன செய்தது என்பதை விவரமாகச் சொல்வது அவருக்கும் நல்லதல்ல, நமக்கும் நல்லதல்ல.

அன்றிலிருந்து நடைபாதைக் கல் இருக்கிற இடத்தில் மட்டுமே நிறுத்துவது என்று ஆயிற்று. எந்தத் தெருவில் எத்தனையாவது கல் உயரம் என்று மனப்பாடம். சீட்டை அடியோடு இறக்கிப் பார்த்தார். ஹேண்டில்பாரோ எட்டாத அலமாரி மாதிரி தூரத்தில் இருந்தது. கையை நீட்டி நீட்டிக் கழுத்து பிடித்துக்கொண்டது. ஒரு நாள் சிக்னலில், பார்த்துக்கொண்டிருக்கும்போதே மெல்லச் சாய்ந்து, குப்பைத் தொட்டியைக் கட்டிக்கொண்டு நின்றார். தொடையில் காயத்தைப் பார்த்து மனைவி கேட்டபோது மேஜை இடித்தது என்றார்.

“தினமும் அதே மேஜை அதே இடத்துல இடிக்குதா?” என்றாள் அவள். சனிக்கிழமை சாயந்திரம், சைக்கிள் கடைக்குப் போகலாம் வாங்க என்று செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றுவிட்டாள்.

குதிகால் ஷூவில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்த மாஸ்டருக்கு வழியெல்லாம் அதே யோசனைதான். இன்னும் எட்டே நாள். இந்தச் சைக்கிளில் அறுபது என்ன, ஆறு கிலோமீட்டர்கூட ஓடாது. போகவில்லை என்றால் தெருவில் தலை காட்ட முடியாது. சரியான சைக்கிள் வேண்டுமென்றால் ஷூவைக் கழற்ற வேண்டும், அதுவும் இவள் பக்கத்தில். இரண்டில் எந்த மானத்தை விடுவது?

கடைப் பெண் அவரையும் அடியோடு இறக்கியிருந்த சீட்டையும் ஒரு தடவை பார்த்தாள், விஷயம் புரிந்துபோயிற்று.

“கொஞ்சம் பெருசுன்னா எப்படியாவது சமாளிக்கலாம் சார். இது ரெண்டு சைஸ் பெருசு. எதைத் திருகினாலும் ஃப்ரேம் சின்னதாகாது.”

மாஸ்டருக்கு அது விளங்காமல் இல்லை. தோளில் தப்பாக வெட்டிய கோட்டு எந்த ஊசிக்கும் அடங்காது. ஓட்டிய சைக்கிளைத் திருப்பி எடுக்கவும் வழியில்லை, வீட்டில் வேறு யாருக்காவது பொருந்தினால் உண்டு என்று சொல்லிக்கொண்டே, அந்தப் பெண் மனைவியை அண்ணாந்து பார்த்தாள்.

“அக்கா, நீங்க எவ்வளவு ஒசரம்?”

“அஞ்சடி ரெண்டரை.” சட்டென்று வந்தது பதில்.

மாஸ்டர் திடுக்கிட்டார். அவள் கிளினிக்குக்குப் போட்டுப் போகிற கால்சட்டையை வருஷா வருஷம் தைப்பவர் அவர்தான். ஐந்தடி ஏழு, ஒரு நூல் குறையாது. பெற்ற தாய்க்கும் ஒரு கிராம் குறைக்காதவள், கண்ணை இமைக்காமல் நாலரை அங்குலத்தை முழுங்கிவிட்டாள். அதுவும் என்ன நம்பர்! ஐந்தடி ஆறு என்று அவர் அளந்துவிட்டதை நம்பியிருந்தால் ஐந்தடி ஐந்து என்றல்லவா சொல்லியிருப்பாள்? அவருடைய நிஜ உயரத்துக்குச் சரியாகக் கால் அங்குலம் கீழே போய் நின்றிருக்கிறாள்.

அப்போதுதான் அவளைச் சரியாகப் பார்த்தார். ஒரு முழங்காலை மடக்கி, தோளைச் சுருக்கி, கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு நின்றாள். வேலைக் களைப்பு என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தார். மாஸ்டருக்கு வெட்கமாக இருந்தது. அழுகை வந்துவிடும்போலவும் இருந்தது.

“அஞ்சடி ஏழும்மா,” என்றார் அந்தப் பெண்ணிடம். “இவளுக்கு நான்தான் தைக்கிறேன். உள் நீளம் முப்பத்தொண்ணரை. எழுதிக்கோ.”

மனைவி அவரையே பார்த்தாள். மடங்கியிருந்த முழங்கால் மெதுவாக நிமிர்ந்தது.

மாஸ்டர் ஸ்டூலில் உட்கார்ந்து ஷூக் கயிற்றை அவிழ்த்தார். வெறுங்காலோடு போய்ச் சுவரோரம் நின்றார். கால்சட்டை பாதத்தை மூடி இரண்டு பக்கமும் தரையில் குவிந்து கிடந்தது.

“எப்பத் தெரியும் உனக்கு?” என்று மெதுவாகக் கேட்டார்.

“கல்யாணமான மொத வாரமே. நீங்க தூங்கும்போது உங்க டேப்பாலயே அளந்தேன்.”

“அப்புறம் ஏன் சொல்லல?”

“ஊர்ல எல்லாரோட நம்பரையும் சத்தமா சொல்றேன். உங்களது ஒண்ணை மட்டும் சொல்ல மனசு வரலங்க.”

மாஸ்டர் தன் பையிலிருந்த டேப்பை எடுத்து அவள் கையில் கொடுத்தார். “இப்பச் சொல்லு. கிளினிக்ல சொல்ற மாதிரியே சொல்லு.”

அவள் அவர் தலைமேல் புத்தகத்தை வைத்து, சுவரில் கோடு போட்டு, இரண்டு தடவை அளந்தாள். தொண்டையைச் சரிசெய்துகொண்டு, கடை முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னாள்.

“அஞ்சடி ரெண்டே முக்கால்.”

டயர் வாங்க நின்றிருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். மாஸ்டர் நகரவில்லை. கடைப் பெண் அதை அட்டையில் எழுதிக்கொண்டு, நாற்பத்தெட்டாம் நம்பர் ஃப்ரேம் ஒன்றை எடுத்து வர உள்ளே போனாள்.