மில் ஓடும் நேரத்தில் மட்டும்

என் அம்மா எலினெஸ், சிகோலே சுகாதார நிலையத்தில் நர்ஸ். ஊரில் எல்லோருக்கும் 'சிஸ்டர்'. இந்த வருடம் மழை தொடங்கிய வாரத்தில் இறந்துபோனார். இதயம்.

அவர் ஏரிக்கரையில் பிறந்தவர். அங்கே ஒரு படகிலிருந்து இன்னொரு படகுக்குப் பேசிக்கொள்வார்கள். அம்மா கரையேறிய பிறகும் அப்படியே பேசினார். ரகசியம் சொல்வதென்றால் கையை வாயருகே குவிப்பார். அது ரகசியத்தை இன்னும் கொஞ்ச தூரம் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

இவரைத்தான் நிலையத்தின் இளைஞர் ஆலோசனை அறைக்குப் பொறுப்பாகப் போட்டார்கள்.

பஸ் நிற்கும் இடத்துக்கு நேர் எதிரே அந்த அறை. 'இளைஞர்களே வாருங்கள், இங்கே சொல்வது வெளியே போகாது' என்று சுவரில் ஆள் உயரத்துக்கு எழுதியிருந்தார்கள். பக்கத்து வராந்தாவில் தடுப்பூசிக்குக் குழந்தைகளோடு வந்த தாய்மார்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். யார் உள்ளே போனாலும் அவர்கள் கண்ணில் படாமல் இருக்க முடியாது. பையன்கள் வருவார்கள். பல்லாங்குழி போன்ற பாவோ பலகையில் கொட்டைகளை வைத்து விளையாடுவார்கள், போய்விடுவார்கள். ஒரு பெண் மட்டும் துணிந்து வந்து, ஏதோ முணுமுணுத்தாள்.

"எத்தனை நாளா அரிக்குது?" என்று கேட்டார் அம்மா.

வராந்தாவில் எல்லாத் தலையும் நிமிர்ந்தது. அந்தப் பெண் அதற்குப் பிறகு சந்தைக்குக்கூட வேறு வழியில்தான் போனாள்.

மாவட்டத்திலிருந்து ஒரு அதிகாரி வந்தார். அறுவடை முடிவதற்குள் பிள்ளைகள் வராவிட்டால் அறையைப் பூட்டி, கொசுவலை அடுக்கும் கிடங்காக்கிவிடுவோம் என்றார்.

அம்மாவுக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. "பள்ளிக்கூடப் பொண்ணுங்க பிரசவ வலியோடதான் என்கிட்ட முதல் தடவையா வருதுங்க. அதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை வந்தா போதும். என்னைப் பாத்தா பயமா இருக்கா?"

"உங்களைப் பாத்து இல்லம்மா. கேட்டு."

"நான் மெதுவாத்தானே பேசறேன்" என்றார். பக்கத்து வீட்டிலிருந்து யாரோ சிரித்தார்கள்.

நான் சர்க்கரை ஆலையில் டீசல் எஞ்சின் பார்க்கிறவள். விடுமுறையில் வந்தால் கச்சிங்வேயின் மாவு மில்லில் ஏதாவது பழுதுபார்க்கச் சொல்வார்கள். அந்த முறை பெல்ட் மாற்றி எஞ்சினை ஓடவிட்டேன்; பக்கத்தில் நிற்பவர் பேசுவதுகூடக் கேட்காத இரைச்சல். எனக்குச் சாப்பாடு கொண்டுவந்த அம்மா, மில் வாசலில் அப்படியே நின்றுவிட்டார். மக்காச்சோளம் நிரம்பிய பேசின்களைத் தலையிலும் இடுப்பிலும் வைத்தபடி நீண்ட வரிசை. எல்லாம் பதினைந்து, பதினேழு, இருபது வயதுப் பிள்ளைகள். எங்கள் ஊரில் மில்லுக்குப் போகிற வேலையை வேறு யார் செய்வார்கள்?

"எல்லாம் இங்கதான் நிக்குதுங்களா!" என்றார் அம்மா.

"என்ன?" என்றார் கச்சிங்வே.

"பிள்ளைங்க எல்லாம் இங்கதான் நிக்குதுங்களான்னு கேட்டேன்."

"சிஸ்டர், கேக்கல. என்ன?"

அம்மாவைப் பார்த்து 'என்ன?' என்று கேட்ட முதல் மனிதர் அவர்தான். அம்மா அவரை ஆசையோடு பார்த்தார்.

மில்லின் பக்கவாட்டில் தவிட்டு மூட்டை அடுக்கும் சாய்ப்பு ஒன்று இருந்தது. பிள்ளைகளை அங்கே வைத்துப் பார்க்க, கச்சிங்வே அதில் பாதியைக் காலிசெய்து அம்மாவுக்குக் கொடுத்தார். நான் சோதித்துப் பார்க்காமல் எதையும் ஓடவிட மாட்டேன். அம்மாவையும் கச்சிங்வேயையும் சாய்ப்புக்குள் உட்காரவைத்தேன். எஞ்சின் ஓடியது. நான் வரிசையில் போய் நின்றுகொண்டு கையசைத்தேன். அம்மா உள்ளே கத்தினார். எனக்கு எஞ்சின் மட்டும்தான் கேட்டது.

கச்சிங்வே வெளியே வந்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர். என்னைப் பார்த்தவர் மறுபடி சிரித்தார்.

"அம்மா, என்ன சொன்னீங்க?"

"பாஸா, ஃபெயிலா?"

"பாஸ்."

"அப்ப உனக்கு எதுக்கு?"

பிள்ளைகள் வர ஆரம்பித்தார்கள். வரிசையில் பேசினைப் போட்டுவிட்டு, தவிடு எடுக்கப் போவதுபோல் சாய்ப்புக்குள் நுழைவார்கள். அரைத்த மாவோடு பரிசோதனை, ஊசி, ஆணுறை, புத்திமதி எல்லாம் வீட்டுக்குப் போயின. திரும்பி வரும்போது தலையில் மாவு படிந்திருக்கும். எந்தத் தாயும் ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்கவில்லை. மில்லில் எப்போதும் நேரமாகும்.

பிறகு ஒரு சனிக்கிழமை. எஞ்சினின் டீசல் அளவுகாட்டி உடைந்திருந்தது. ஓட ஓட டீசல் தீர்ந்து மில் நின்றது. அம்மாவின் குரலுக்கு நிற்கத் தெரியவில்லை.

"...வெக்கப்படாத! ஆணுறை மாட்டத் தெரியாதவன் நீ ஒருத்தன்தான்னு நினைச்சியா? இந்த ஊர்ல பாதி ஆம்பளைங்களுக்குத் தெரியாது!"

வரிசையில் அன்று சர்ச் மாதர் சங்கத் தலைவி நாபாம்போ அம்மாள் நின்றிருந்தார். வேலைக்காரப் பெண்ணுக்குக் காய்ச்சலாம். ஊரே சாய்ப்பின் சாக்குத் திரையைப் பார்த்தது. எவன் வெளியே வரப்போகிறான்?

வந்தது அம்மா. ஒரு கையில் மக்காச்சோளக் கதிர், இன்னொரு கையில் ஆணுறைப் பொட்டலம்.

"நல்லவேளை, மில் நின்னுச்சு. எல்லாரும் கேட்டீங்கல்ல? இப்பப் பாத்துக்குங்க. நாபாம்போ அம்மா, நீங்க முன்னாடி வாங்க, உங்களுக்குக் கண்ணு சரியில்ல."

கதிரின்மேல் நிதானமாகச் செய்துகாட்டினார். நுனியை எப்படிக் கிள்ளிப் பிடிப்பது, எந்தப் பக்கம் உருட்டுவது, கழற்றி எங்கே போடுவது. சர்ச்சுக்குப் பின்னால் போடக் கூடாது என்பதையும் சேர்த்துக்கொண்டார். இரண்டு கிழவர்கள் மறுபடி காட்டச் சொன்னார்கள். ஊரின் கண்ணெல்லாம் கதிர்மேல் இருந்தபோது, தவிட்டு மூட்டைகளுக்குப் பின்னால் இருந்த சுவர்ப் பலகையை நகர்த்திக்கொண்டு யாரோ போய்விட்டார்கள்.

சர்ச் மூப்பர்கள் அம்மாவைக் கூப்பிட்டு விசாரித்தார்கள்.

"உள்ள யாரு இருந்தாங்க, சிஸ்டர்?"

"தவிடு இருந்துச்சு."

"பையன் யாருன்னு சொன்னா இதை இத்தோட விட்டுடறோம்."

"அந்தத் தவிட்டுக்குப் பேரு இல்லைங்கய்யா."

"சிஸ்டர், கொஞ்சம் மெதுவா பேசுங்க. வெளிய கேக்குது."

வெளியே கேட்டது. ஜன்னலுக்குக் கீழே பாடகர் குழுவின் பிள்ளைகள் முழுக் குழுவாக உட்கார்ந்திருந்தார்கள். கிறிஸ்துமஸ் வரைக்கும் அம்மாவுக்கு நற்கருணை கிடையாது என்று தீர்ப்பானது. ஞாயிறுதோறும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, பாட்டை மட்டும் எல்லோரையும்விடச் சத்தமாகப் பாடினார்.

அந்தச் சனிக்கிழமை கழிந்த திங்கட்கிழமையே மில் வரிசை சாலைவரை நீண்டது. பாதிப் பேருடைய பேசினில் மக்காச்சோளமே இல்லை. கச்சிங்வே கோபித்துக்கொண்டு, "ரெண்டு பிடியாவது போட்டுட்டு வாங்கடா, எனக்கும் பொழப்பு வேணாமா" என்றார். அறுவடை முடிந்து அதிகாரி வந்தார். வரிசையைப் பார்த்துவிட்டுப் போனார். பிறகு கொசுவலைப் பேச்சு வரவில்லை.

அம்மாவின் அடக்கத்தன்று மில்லை நிறுத்தியிருந்தார்கள். எங்கள் வழக்கம் அது. இழவு வீட்டுக்கு ஊரே மாவு கொண்டுவந்தது. அந்தச் சனிக்கிழமை உள்ளே இருந்தது யார் என்று நாபாம்போ அம்மாள் என் காதருகே கேட்டார். எனக்கும் தெரியாது என்றேன். அவருக்கு நம்பிக்கை வரவில்லை.

அடுத்த வாரம் புதிய நர்ஸ் சிசோமோ வந்தாள். பூனைக்குட்டிபோல் பேசுகிறவள். மில் ஓடியது. முதலில் நுழைந்த பெண் உடனே வெளியே வந்தாள்.

"அக்கா, அவங்க சொல்றது எனக்கே கேக்கல."

எஞ்சினுக்கு சைலன்சர் பொருத்தட்டுமா என்று கேட்டேன். வரிசை முழுதும் பதறியது. "ஐயோ, வேண்டாம்க்கா."

ஆகவே சிசோமோவுக்குக் கத்தக் கற்றுக்கொடுத்தேன். வயிற்றிலிருந்து, படகில் நிற்பதுபோல். வெளியே வந்த அந்தப் பெண் மறுபடி உள்ளே போய், இப்போது கேட்கிறது என்று தலையாட்டினாள். நான் வரிசையில் நின்றேன். எஞ்சின் மட்டும்தான் கேட்டது. பாஸ்.

கச்சிங்வே பக்கத்தில் வந்து நின்றார். அவர் காதில் கத்தினேன்.

"அன்னிக்கு அம்மா உள்ள என்ன சொன்னாங்க?"

அவர் என் காதருகே கையைக் குவித்தார். "உள்ள கேட்டது உள்ளயே இருக்கணும்னு சிஸ்டர் சொல்லிட்டாங்க."

"நான் அவங்க மகள்."

"அதனாலதான்" என்றார். சொல்லிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டே மறுபடி சிரித்தார்.