மச்சினியின் கட்டுரையை நான் நிராகரித்த கதை

என் மனைவியின் தங்கையைப் பற்றி எழுதச் சொன்னால் எனக்கு முதலில் வருவது வயிற்றெரிச்சல்தான். மறைப்பானேன்! டேட்டாபேஸ் என்கிற தரவுத்தளத் துறைக்கு முதலில் வந்தவன் நான். பேர் வாங்கியவள் அவள்.

மாமனாருக்குச் செருப்புக் கடை. கணினி வாங்கிய புதிதில், இரண்டு பில் மேசையிலும் ஒரே நேரத்தில் ஒரே கடைசி ஜோடிக்கு பில் போட்டுவிட்டார்கள். வாங்க வந்தவர்களில் ஒருத்தர் இடது கால் செருப்பைப் பிடித்துக்கொண்டார், இன்னொருத்தர் வலது கால் செருப்பை. கடையே ரெண்டுபட்டது. பள்ளிச் சீருடையில் நின்ற மச்சினி என்னைக் கேட்டாள்: "கம்ப்யூட்டர் ஏன் மாமா தடுக்கல?"

அந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டே டாக்டர் பட்டம், ஆய்வுக்கூடம், வெளிநாட்டு மாநாடு என்று ஏறிப் போனாள். நானோ கல்லூரியில் இருபத்திரண்டு வருடமாக அதே பாடம், அதே கரும்பலகை. சாப்பிட உட்கார்ந்தால் போதும், "சின்னவ பேப்பர் வந்திருக்காம்" என்பாள் மனைவி. சோறு இறங்குமா?

போன வருடம் ஒரு மாநாட்டை நடத்துபவர்கள் மதிப்பிடச் சொல்லி எனக்கு ஒரு கட்டுரை அனுப்பினார்கள். எழுதியவர் பெயர் இருக்காது, மதிப்பிடுபவர் பெயரும் வெளியே தெரியாது. ஒரே சரக்கை ஒரே நேரத்தில் இரண்டு பேருக்கு விற்காமல் கணினி தடுக்கும் முறை பற்றியது. முதல் பக்கத்திலேயே உதாரண அட்டவணை: செருப்பு, அளவு, நிறம், இருப்பு. உலகத்தில் வேறு யார் இப்படி எழுதுவார்கள்! 'உறவுக்காரர், என்னால் முடியாது' என்று திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். அவளுடைய நிரந்தர வேலை இந்தக் கட்டுரையை நம்பித்தான் இருக்கிறது என்பதும் எனக்குத் தெரியும்.

முதல் தடவையாக அவள் கட்டுரை ஒன்றை முழுசாகப் படித்தேன். பாவி, நன்றாக எழுதியிருந்தாள். நொட்டை சொல்ல ஏதாவது கிடைக்காதா என்று மூன்று நாள் துருவினேன். கடைசியில், 'தரவு போதாது. நூறு மடங்கு தரவில், நடுவே மின்சாரத்தை நிறுத்தி ஓட்டிக் காட்டவும். நிராகரிக்கிறேன்' என்று எழுதினேன். அதைச் செய்ய மாதக்கணக்கில் ஆகும் என்று தெரிந்தேதான் எழுதினேன்.

வேலை வேறொருவருக்குப் போயிற்று. சில மாதம் கழித்து வீட்டுக்கு வந்தாள். இளைத்திருந்தாள்.

"விடும்மா, எவனோ பொறாமை பிடிச்சவன்" என்றேன்.

"ஐயோ, அப்படிச் சொல்லாதீங்க மாமா! அவர் சொன்ன மாதிரியே ஓட்டினேன். கரண்ட்டை நிறுத்தினதும் இருப்பு மைனஸ் ஒண்ணுன்னு காட்டுது, கடைசி ஜோடியை மறுபடியும் ரெண்டு பேருக்கு வித்துடுது. என் முறையே தப்பு! அப்படியே வெளிவந்திருந்தா மானம் கப்பலேறியிருக்கும்."

"வேலை போச்சேம்மா..."

"போனா போகுது. பத்து வருஷமா என் கட்டுரையெல்லாம் முதல்ல உங்ககிட்டதானே காட்டுறேன்? 'அருமைம்மா'ங்கறதைத் தவிர ஒரு நாளாவது ஏதாவது சொல்லியிருக்கீங்களா? இந்த ஆள் யாருன்னு மட்டும் தெரிஞ்சா, இனிமே அவர்கிட்டதான் காட்டுவேன்."

மனைவி அவளுக்கு இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். பெயரில்லாத அந்த ஆளை நினைத்து எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.